சட்டம் எழுப்பிய சுவர்



ஒரு நாட்டில் அநீதி நெடுங்காலம் நிலைபெற்றுவிட்டால், அதனால் பயன் பெறுபவர்கள் அதற்கு ஒரு நல்ல பெயரைச் சூட்டிவிடுவது வழக்கம். அந்தப் பெயரே 'வழக்கம்' என்பதுதான். "இது முன்னோர் நாளிலிருந்து வருவது. இதை யாரும் செய்யவில்லை, தானாக வளர்ந்தது. காலம் வந்தால் தானாக மாறும். அவசரப்படுதல் ஆகாது" என்று அவர்கள் சொல்வார்கள். அமெரிக்க ஐக்கிய நாடுகளின் தென் மாநிலங்களில் வெள்ளையரையும் கறுப்பின மக்களையும் வாழ்விலும் சாவிலும் பிரித்து வைத்த முறைக்கும் இவ்வாறே பெயர் சூட்டியிருந்தார்கள்.

உண்மை வேறு. அந்த முறை சட்டசபைகளில் வாக்கெடுத்து, ஏட்டில் எழுதி, நீதிமன்றத்தில் முத்திரை பெற்றுச் செய்யப்பட்ட ஒன்று. பள்ளிகளிலும் தேவாலயங்களிலும் பிரிவினை முன்பே இருந்ததுண்டு. ஆனால் வாழ்க்கையின் ஒவ்வொரு மூலையையும் வளைத்துக்கொண்ட சட்டச் சுவர், பத்தொன்பதாம் நூற்றாண்டின் கடைசியில்தான் எழும்பியது. சி. வான் உட்வர்ட் என்ற வரலாற்றாசிரியர் 1955-ஆம் ஆண்டில் ஒரு சிறு நூல் எழுதி இதனை எடுத்துக்காட்டினார். அவரும் தென்னாட்டில் பிறந்த வெள்ளையரே. மனிதர் செய்ததை மனிதர் மாற்றலாம் அல்லவா? ஆகவே அந்த நூல் கூறிய செய்தி வெறும் ஆராய்ச்சிச் செய்தியாக நின்றுவிடவில்லை. போராடியவர்களுக்கு அது ஓர் ஊன்றுகோல் ஆயிற்று.

அந்தச் சுவர் எவ்வாறு எழுந்தது, எவ்வாறு விழுந்தது என்ற இரண்டையும் இன்று பார்ப்போம்.

1619-ஆம் ஆண்டில் வர்ஜீனியாக் கரையில் ஏறத்தாழ இருபது ஆப்பிரிக்கர் விற்பனைப் பொருளாக இறக்கப்பட்டனர். அது முதல் சுமார் இரண்டரை நூற்றாண்டுக் காலம் அந்த மண்ணில் அடிமை வாழ்வு நீடித்தது. நான்காண்டு உள்நாட்டுப் போருக்குப் பின், 1865-இல் அரசியலமைப்பின் பதின்மூன்றாம் திருத்தம் அடிமை முறையை ஒழித்தது. 1868-இல் வந்த திருத்தம் சட்டத்தின் முன் சமமான பாதுகாப்பை அளித்தது. 1870-இல் வந்த திருத்தம், இனத்தைக் காரணம் காட்டி வாக்குரிமையை மறுத்தலாகாது என்றது. அதே ஆண்டில் மிசிசிப்பி மாநிலத்தின் சார்பில் ஹைரம் ரெவல்ஸ் என்ற கறுப்பினப் போதகர் செனட் சபையில் அமர்ந்தார். நியூ ஆர்லியன்ஸ் நகரத்தில் 1867-ஆம் ஆண்டிலேயே, கறுப்பின மக்களின் கிளர்ச்சியின் பயனாக, டிராம் வண்டிகளில் இரு இனத்தாரும் கலந்து அமர்ந்து சென்றார்கள். பிரிவினை 'பழைய வழக்கம்' என்று பின்னர் சொன்னவர்கள் இந்த ஆண்டை மறந்துவிட்டார்கள், அல்லது மறைத்துவிட்டார்கள்.

இந்த நிலை நீடிக்கவில்லை. 1877-இல் மத்திய அரசாங்கம் தென்னாட்டில் தன் படைகளின் காவலைக் கைவிட்டது. பழைய பண்ணை முதலாளிகளின் ஆட்சி மீண்டும் வேரூன்றியது. அவர்கள் முதலில் கை வைத்தது வாக்குச் சீட்டின் மீது. 1890-இல் மிசிசிப்பி புதிய அரசியலமைப்பு ஒன்றை வகுத்தது. வாக்களிக்க விரும்புவோர் வரி செலுத்த வேண்டும். எழுத்தறிவைச் சோதித்துக் காட்ட வேண்டும். சோதிப்பவர் வெள்ளை அதிகாரி; தேர்ச்சி அவர் மனம் போன போக்கு. மற்ற மாநிலங்களும் இவ்வழியைப் பின்பற்றின. லூசியானாவில் 1896-இல் பதிவு பெற்ற கறுப்பின வாக்காளர் 1,30,334 பேர். 1904-இல் எஞ்சியவர் 1,342 பேர். எட்டே ஆண்டுகள்! சட்டத்தில் 'கறுப்பர்' என்ற சொல் எங்கும் இல்லை. அந்தச் சொல் இல்லாமலே ஒரு மக்களின் குரல்வளையை நெரித்துவிட முடிந்தது.

குரலைப் பறித்ததோடு அவர்கள் நிற்கவில்லை. 1890-இல் லூசியானாச் சட்டசபை, ரெயில் வண்டிகளில் இரு இனத்தாருக்கும் தனித்தனிப் பெட்டிகள் இருத்தல் வேண்டும் என்று சட்டம் இயற்றியது. நியூ ஆர்லியன்ஸ் நகரக் கறுப்பினப் பிரமுகர்கள் ஒரு குழு அமைத்து இதனை எதிர்த்தார்கள். 1892, ஜூன் 7-ஆம் நாள் ஹோமர் பிளெசி என்ற செருப்புத் தொழிலாளி முதல் வகுப்புச் சீட்டுடன் வெள்ளையர் பெட்டியில் ஏறி அமர்ந்தார். அவருடைய முன்னோரில் எட்டில் ஒரு பங்கினரே ஆப்பிரிக்கர். பார்வைக்கு வெள்ளையராகவே தோன்றினார். தாம் யார் என்பதை அவரே வண்டி அதிகாரியிடம் எடுத்துச் சொல்லிக் கைதாக வேண்டியிருந்தது. ரெயில் கம்பெனிக்கும் இதில் உள்ளூர இசைவு உண்டு. இரட்டைப் பெட்டிகளால் கம்பெனிக்கு இரட்டைச் செலவு!

வழக்கு உச்ச நீதிமன்றம் சென்றது. 1896, மே 18-ஆம் நாள் ஏழு நீதிபதிகள் பிளெசிக்கு எதிராகத் தீர்ப்பளித்தனர். பிரித்து வைத்தல் இழிவு செய்தலாகாது என்றும், அதை இழிவு என்று கறுப்பின மக்கள் கருதினால் அது அவர்களே கற்பித்துக்கொண்ட பொருள் என்றும் அத்தீர்ப்பு கூறியது. 'தனித்தனி, ஆயினும் சமம்' என்ற கொள்கை இவ்வாறு நாட்டின் சட்டம் ஆயிற்று. மாறுபட்டுத் தீர்ப்பெழுதியவர் ஒருவரே. அவர் ஜான் மார்ஷல் ஹார்லன். ஒரு காலத்தில் அடிமைகளை வைத்திருந்த கென்டக்கிக் குடும்பத்தில் பிறந்தவர். அரசியலமைப்பு குடிகளின் நிறத்தை அறியாது என்பது அவர் கருத்து. அந்த ஒற்றைக் குரல் 58 ஆண்டுகள் காத்திருக்க நேர்ந்தது.

அதன்பின் சட்டங்கள் மழைக்காலத்துக் காளான்கள் போல் முளைத்தன. பள்ளி தனி, மருத்துவமனை தனி, சிறைச்சாலை தனி, இடுகாடு தனி. குடிதண்ணீர்க் குழாய்கள் இரண்டு. சில நீதிமன்றங்களில் சத்தியம் செய்வதற்கு வைத்திருந்த வேதப் புத்தகங்களும் இரண்டு. வடகரோலினாவில் ஓர் இனத்துப் பிள்ளைகள் படித்த பாடப் புத்தகத்தை மற்ற இனத்துப் பிள்ளைகளுக்குக் கொடுக்கலாகாது என்று சட்டம் இருந்தது. பர்மிங்ஹாம் நகரத்தில் இரு இனத்தாரும் சேர்ந்து சொக்கட்டான் போன்ற பலகை ஆட்டம் ஆடுவதுகூடக் குற்றம். தானாக வளர்ந்த வழக்கம் என்றால் அதைக் காப்பதற்கு இத்தனை சட்டம் எதற்கு? மக்கள் தம் இயல்பில் விடப்பட்டால் சேர்ந்து ஆடிவிடுவார்களோ என்ற அச்சமே இச்சட்டங்களைப் பெற்ற தாய்.

இந்த முறைக்கு 'ஜிம் குரோ' என்று பெயர் வழங்கிற்று. முகத்தில் கரி பூசிக்கொண்டு கறுப்பின மக்களை ஏளனம் செய்து ஆடிய ஒரு மேடைக் கூத்தின் பாத்திரப் பெயர் அது. சட்டத்துக்குத் துணையாகச் சட்டமற்ற கொடுமையும் நின்றது. 1877 முதல் 1950 வரை தென் மாநிலங்களில் 4,000-க்கு மேற்பட்ட கறுப்பின மக்களைக் கும்பல்கள் கொன்றதை ஆய்வாளர்கள் பெயரும் நாளுமாகப் பட்டியலிட்டிருக்கிறார்கள். ஐடா வெல்ஸ் என்ற பெண்மணி 1892-இல் மெம்பிஸ் நகரத்தில் தம் நண்பர்கள் மூவர் இவ்வாறு கொல்லப்பட்டது கண்டு, தம் பத்திரிகையில் எழுதத் தொடங்கினார். பத்திரிகை அலுவலகத்தை ஒரு கும்பல் சூறையாடியது. அவர் ஊரை இழந்தார், எழுத்தை விடவில்லை.

இவற்றையெல்லாம் மக்கள் தலை குனிந்து ஏற்றார்களா? இல்லை. 1900 முதல் 1906 வரை, தென்னாட்டின் 25-க்கு மேற்பட்ட நகரங்களில், டிராம் வண்டிகளில் புகுத்தப்பட்ட பிரிவினையை எதிர்த்துக் கறுப்பின மக்கள் வண்டி ஏறாமல் நடந்தார்கள். அலபாமா மாநிலத்தின் தலைநகரமாகிய மான்ட்கோமரியும் அவற்றுள் ஒன்று. அந்தப் பெயரை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். சில ஊர்களில் கம்பெனிகள் சிறிது காலம் தளர்ந்து கொடுத்தன. சட்டம் தளரவில்லை. வாக்கும் இல்லை, நீதிமன்றமும் கைவிட்டது என்றால் கால்கள் மட்டும் எத்தனை நாள் போராடும்?

ஆகவே அடுத்த தலைமுறையினர் நீதிமன்றத்தின் கதவைத் திறக்க முனைந்தார்கள். 1909-இல் கறுப்பின மக்களின் முன்னேற்றத்துக்கான தேசியச் சங்கம் தோன்றியது. வாஷிங்டனில் ஹோவர்டு பல்கலைக்கழகச் சட்டப் பகுதியின் தலைவராக இருந்த சார்லஸ் ஹாமில்டன் ஹியூஸ்டன் ஒரு திட்டம் வகுத்தார். 'தனித்தனி, ஆயினும் சமம்' என்ற சொற்றொடரைக் கொண்டே அதை வீழ்த்த வேண்டும் என்பது அத்திட்டம். 'சமம் என்கிறீர்களே, காட்டுங்கள் பார்க்கலாம்' என்று கேட்பது. அவருடைய மாணவர் தர்குட் மார்ஷல் மாநிலம் மாநிலமாகச் சென்று வழக்காடினார். மேரிலாந்திலும் மிசௌரியிலும் டெக்சாசிலும் ஓக்லஹோமாவிலும் பல்கலைக்கழகக் கதவுகள் ஒவ்வொன்றாகத் திறந்தன. ஹியூஸ்டன் 1950-இல் மறைந்தார். தம் திட்டத்தின் முடிவான வெற்றியைக் காண அவருக்குக் கொடுத்து வைக்கவில்லை.

இந்த வழக்குகளின் பின்னால் நின்ற எளிய மக்களை நாம் மறத்தலாகாது. தென்கரோலினாவில் கிளாரண்டன் என்பது பருத்தி விளையும் ஒரு மாவட்டம். அங்கே வெள்ளைப் பிள்ளைகளுக்குப் பள்ளி செல்ல 30 பஸ்கள் இருந்தன. கறுப்பினப் பிள்ளைகளுக்கு ஒன்றும் இல்லை. 1949-50-ஆம் பள்ளி ஆண்டில் ஒரு வெள்ளைப் பிள்ளைக்கு 179 டாலரும், ஒரு கறுப்பினப் பிள்ளைக்கு 43 டாலரும் செலவிடப்பட்டன. ஒரே ஒரு பஸ் கேட்டுத் தொடங்கிய முறையீடு வழக்காக வளர்ந்தது. முதலில் கையெழுத்திட்ட ஹாரி பிரிக்ஸ் பெட்ரோல் நிலையத்தில் வேலை பார்த்தவர், வேலை போயிற்று. அவர் மனைவிக்கும் வேலை போயிற்று. மக்களைத் திரட்டிய போதகர் டிலேன் ஊரை விட்டே ஓட நேர்ந்தது. வர்ஜீனியாவில் ஃபார்ம்வில் என்ற ஊரில், 16 வயது மாணவி பார்பரா ஜான்ஸ், தார்க்காகிதம் வேய்ந்த கொட்டகைகளில் தாங்கள் படிக்க நேர்ந்ததைப் பொறாமல், 1951-இல் பள்ளி முழுவதையும் வேலைநிறுத்தத்தில் இறக்கினாள்.

நான்கு மாநிலங்களிலிருந்து வந்த இத்தகைய வழக்குகளை ஒன்றாக விசாரித்து, 1954, மே 17-ஆம் நாள் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. தலைமை நீதிபதி ஏர்ல் வாரன் படித்த தீர்ப்பில் ஒன்பது நீதிபதிகளும் ஒருமனப்பட்டிருந்தனர். பள்ளிகளில் பிரிவினை என்பது தன்னியல்பிலேயே சமமின்மை என்று அது அறுதியிட்டது.

வெற்றி கிடைத்துவிட்டதா? ஏட்டில் கிடைத்தது. வீதியில் கிடைக்கவில்லை. ஃபார்ம்வில் இருக்கும் மாவட்டத்தில், பிள்ளைகளைச் சேர்த்து உட்கார வைப்பதைவிடப் பள்ளிகளை மூடிவிடுவதே மேல் என்று கருதி, 1959 முதல் 1964 வரை அரசாங்கப் பள்ளிகள் அனைத்தையும் அதிகாரிகள் பூட்டி வைத்தார்கள். வெள்ளைப் பிள்ளைகளுக்குத் தனியார் பள்ளி ஏற்பாடாயிற்று. கறுப்பினப் பிள்ளைகள் பலருக்கு ஐந்தாண்டுக் கல்வி அழிந்தது. முன்பு தனிக் கூட்டமைப்பாகப் பிரிந்து போரிட்ட 11 தென் மாநிலங்களிலும் 1963-64-ஆம் ஆண்டில் வெள்ளைப் பிள்ளைகளோடு சேர்ந்து படித்த கறுப்பினப் பிள்ளைகள் நூற்றுக்கு ஏறத்தாழ ஒருவரே. மக்களின் கால்கள் மட்டும் போதா என்பதை 1900-இல் கண்டோம். நீதிமன்றத்தின் கை மட்டும் போதாது என்பதை 1954-க்குப் பின் காண்கிறோம். இரண்டும் இணைந்த இடம் மான்ட்கோமரி.

அந்த நகரத்தின் பஸ்களில் முன்னிருந்த பத்து இருக்கைகள் வெள்ளையருக்கு உரியவை. அவை காலியாகக் கிடந்தாலும் கறுப்பின மக்கள் அமரலாகாது. முன்வாசலில் ஏறிக் கட்டணம் செலுத்திவிட்டு, இறங்கிப் பின்வாசலுக்குச் சென்று ஏறும்படியும் அவர்களைப் பலமுறை செய்வார்கள். அதற்குள் பஸ் புறப்பட்டுப் போய்விடுவதும் உண்டு. இத்தனைக்கும் அந்தப் பஸ்களில் சென்றவர்களில் நான்கில் மூன்று பங்கினர் கறுப்பின மக்களே.

1955, டிசம்பர் 1-ஆம் நாள் மாலை, ஒரு பெருங்கடையில் தையல் வேலை செய்த ரோசா பார்க்ஸ் பஸ்ஸில் வீடு திரும்பிக்கொண்டிருந்தார். வெள்ளையர் ஒருவர் அமர்வதற்காக ஒரு வரிசையில் இருந்த நால்வரும் எழ வேண்டும் என்றார் ஓட்டுநர். மூவர் எழுந்தனர். ரோசா பார்க்ஸ் எழவில்லை. வேலை செய்த களைப்பினால் அவர் எழவில்லை என்று பலர் சொல்வதுண்டு. அது சரியன்று. அவர் தேசியச் சங்கத்தின் உள்ளூர்க் கிளையில் பல ஆண்டுகள் செயலாளராகப் பணி புரிந்தவர். அதே ஆண்டு மார்ச்சில், கிளாடெட் கால்வின் என்ற 15 வயது மாணவி இதே குற்றத்துக்காகக் கைதானதையும் அறிந்தவர். தாம் செய்வது என்ன என்பது அவருக்குத் தெரியும்.

அன்றிரவு நடந்தது கவனிக்கத்தக்கது. அலபாமா அரசாங்கக் கல்லூரியின் ஆங்கில ஆசிரியை ஜோ ஆன் ராபின்சன், மாதர் அரசியல் மன்றம் ஒன்றின் தலைவியாக இருந்தார். இரவு முழுவதும் கல்லூரியில் உட்கார்ந்து, திங்கட்கிழமை எவரும் பஸ் ஏற வேண்டாம் என்ற துண்டுப் பிரசுரத்தைச் சைக்ளோஸ்டைல் எந்திரத்தில் ஆயிரம் ஆயிரமாக உருட்டி எடுத்தார். விடிந்ததும் அவை பள்ளி, கடை, முடி திருத்தும் நிலையம் எங்கும் பரவின. திங்கட்கிழமை பஸ்கள் வெறுமையாக ஓடின. அன்று மாலை ஒரு தேவாலயத்தில் கூடிய ஆயிரக்கணக்கான மக்கள் மறுப்பைத் தொடர முடிவு செய்தனர். அவர்களுக்குத் தலைமை தாங்க நேர்ந்த போதகர் மார்ட்டின் லூதர் கிங். அவருக்கு அப்பொழுது வயது 26.

அவர்கள் முதலில் கேட்டது என்ன தெரியுமா? பிரிவினையை ஒழிக்க வேண்டும் என்றுகூடக் கேட்கவில்லை. மரியாதையாக நடத்துங்கள், முதலில் வந்தவர் முதலில் அமரட்டும், நாங்கள் பின்னாலிருந்தும் வெள்ளையர் முன்னாலிருந்தும், எங்கள் மக்கள் மிகுந்த வழிகளில் எங்களவரையும் ஓட்டுநராக வையுங்கள். இவ்வளவே. இந்தச் சிறு கோரிக்கையையும் நகராட்சி மறுத்தது. கொஞ்சம் கேட்டவர்களுக்கு அதையும் கொடாத பிடிவாதமே அவர்களை முழுவதும் கேட்கச் செய்தது. 1956, பிப்ரவரி 1-ஆம் நாள் பிரிவினைச் சட்டத்தையே எதிர்த்து வழக்குத் தொடர்ந்தார்கள். வழக்காடியவர்கள் பெண்கள், அவர்களுள் கிளாடெட் கால்வினும் ஒருத்தி.

இதற்கிடையே நாளும் பிழைப்பு நடக்க வேண்டும். கறுப்பின டாக்சிக்காரர்கள் பஸ் கட்டணமாகிய பத்து சென்டுக்கே மக்களை ஏற்றினார்கள். குறைந்த கட்டணம் 45 சென்ட் என்ற விதியை நகராட்சி நினைவூட்டியது. உடனே மக்கள் தம் சொந்தக் கார்களைத் திரட்டினார்கள். ஏறத்தாழ 300 கார்கள், குறித்த இடம், குறித்த நேரம் என்று ஒரு போக்குவரத்துப் பகுதி போலவே ஓடின. கார் இன்ஷூரன்ஸ் ரத்தாயிற்று. லண்டன் வரை சென்று வேறு ஏற்பாடு செய்தார்கள். கிங்கின் வீட்டில் குண்டு விழுந்தது. பழைய சட்டம் ஒன்றைத் தூசி தட்டி எடுத்து 89 பேர் மீது குற்றம் சாட்டினார்கள். வயது முதிர்ந்த வேலைக்காரப் பெண்கள் மழையிலும் குளிரிலும் மைல் கணக்கில் நடந்தார்கள். அடிமேல் அடி வைத்தால் அம்மியும் நகரும் என்பது நம் நாட்டுப் பழமொழி. மான்ட்கோமரியில் அது உருவகமன்று. உள்ளபடியே நடந்த நிகழ்ச்சி.

1956, நவம்பர் 13-ஆம் நாள், கார்த் திரட்டலைத் தடை செய்யக் கோரி நகராட்சி உள்ளூர் நீதிமன்றத்தில் வாதாடிக்கொண்டிருந்த வேளையில், பஸ்களில் பிரிவினை செல்லாது என்ற உச்ச நீதிமன்றத்தின் முடிவு வந்து சேர்ந்தது. தடையும் கிடைத்தது. அதனால் ஆணை கைக்கு வரும்வரை, காரும் இன்றி, இன்னும் ஐந்து வாரங்களுக்கு மேல் நடந்தார்கள். டிசம்பர் 21-ஆம் நாள் பஸ்ஸில் ஏறி, விரும்பிய இடத்தில் அமர்ந்தார்கள். 381 நாட்கள்! அதன் பின்னும் பஸ்கள் மீது துப்பாக்கி சுட்டது; தேவாலயங்களில் குண்டு வெடித்தது. ஆனால் எழுந்தவர்கள் மீண்டும் குனியவில்லை.

இந்தப் போராட்டத்துக்கும் நம் நாட்டுக்கும் உள்ள தொடர்பை இங்கே குறிப்பிடுதல் பொருந்தும். மான்ட்கோமரிச் செய்தி பத்திரிகையில் வந்தபொழுது, ஜேம்ஸ் லாசன் என்ற கறுப்பின இளைஞர் நாகபுரியில் ஒரு கல்லூரியில் பணியாற்றிக்கொண்டு, காந்தியடிகளின் சத்தியாக்கிரக நெறியைப் பயின்றுகொண்டிருந்தார். நாடு திரும்பிய அவர் நாஷ்வில் நகரத்து மாணவர்களுக்குப் பயிற்சி அளித்தார். வசை மொழிந்தாலும், அடித்தாலும் திருப்பி அடியாமல், இடத்தையும் விடாமல் இருப்பது எப்படி என்பதே பயிற்சி. 1960, பிப்ரவரி 1-ஆம் நாள் கிரீன்ஸ்பரோவில் நான்கு மாணவர்கள் வெள்ளையருக்கே உரிய உணவு மேடையில் அமர்ந்தார்கள். அந்தத் தீ பரவியபொழுது நாஷ்வில் மாணவர்கள் ஆயத்தமாக இருந்தார்கள்.

1959-இல் கிங் இந்தியாவுக்கு வந்தார். அப்பயணத்தில் நடந்த ஒன்றைப் பின்னர் ஒரு சொற்பொழிவில் அவரே கூறியிருக்கிறார். திருவனந்தபுரத்தில், தீண்டாமைக் கொடுமைக்கு ஆளான குடும்பத்துப் பிள்ளைகள் மிகுதியாகப் படித்த ஒரு பள்ளியின் தலைமையாசிரியர், அவரை 'அமெரிக்காவிலிருந்து வந்திருக்கும் நம்மைப் போன்ற தீண்டத்தகாதவர்' என்ற கருத்தில் அறிமுகப்படுத்தினார். கிங் ஒரு கணம் அதிர்ந்தார், சற்றே வருந்தினார். பின்னர்த் தம் நாட்டுச் சேரிகளில் அடைபட்டிருந்த கோடிக்கணக்கான மக்களை எண்ணினார். அந்தச் சொல் உண்மை என்று ஏற்றுக்கொண்டார். இந்த நிகழ்ச்சியில் நமக்குப் பெருமையும் உண்டு. பெருமையைவிடப் பெரிய ஒரு வினாவும் உண்டு. சத்தியாக்கிரகத்தை அவர்களுக்குக் கொடுத்த நாடு, தீண்டாமையையும் அவர்கள் அடையாளம் கண்டுகொள்ளும்படி வைத்திருந்த நாடு.

1963-இல் பர்மிங்ஹாம் நகரத்தில் கிளர்ச்சி எழுந்தபொழுது, நல்லெண்ணம் உடைய வெள்ளைப் போதகர் சிலர்கூட, 'பொறுத்திருங்கள்' என்று கிங்குக்கு அறிவுரை கூறினார்கள். காலம் தானாக எதையும் செய்வதில்லை, அதை நன்மைக்கும் பயன்படுத்தலாம் தீமைக்கும் பயன்படுத்தலாம் என்ற கருத்தில் அவர் சிறையிலிருந்து விடை எழுதினார். அந்த நகரத்தில் பள்ளிப் பிள்ளைகள் மீது நாய்களை ஏவியதையும், தீயணைப்புக் குழாய்களால் நீரைப் பீய்ச்சியதையும் உலகம் கண்டது. ஆகஸ்டு 28-ஆம் நாள் வாஷிங்டனில் ஏறத்தாழ இரண்டரை லட்சம் மக்கள் திரண்டனர். செப்டம்பர் 15-ஆம் நாள் பர்மிங்ஹாம் தேவாலயத்தில் வெடித்த குண்டு நான்கு சிறுமியரின் உயிரைக் கொண்டது. 1964, ஜூலை 2-ஆம் நாள், பொது இடங்களில் பிரிவினையைத் தடுக்கும் சட்டம் நிறைவேறியது.

சுவரின் அடிக்கல் வாக்குரிமைப் பறிப்பு என்று முதலில் கூறினோம். அதைப் பெயர்ப்பதே கடைசி வேலையாயிற்று. மிசிசிப்பியில் பருத்தி நிலத்தில் வாரத்துக்கு உழைத்த ஃபேனி லூ ஹேமர் என்ற அம்மையார் 1962-இல் வாக்காளராகப் பதிந்துகொள்ளச் சென்றார். அன்றே பண்ணையிலிருந்து வெளியேற்றப்பட்டார். அடுத்த ஆண்டு சிறையில் கொடுமையாக அடிக்கப்பட்டார். ஓயவில்லை. 1965, மார்ச் 7-ஆம் நாள் செல்மா நகரப் பாலத்தில், வாக்குரிமை கேட்டு நடந்தவர்களைக் காவலர் தடி கொண்டு தாக்கினார்கள். அவ்வாண்டு ஆகஸ்டு 6-ஆம் நாள் வாக்குரிமைச் சட்டம் கையெழுத்தாயிற்று. மிசிசிப்பியில் பதிவு பெற்ற கறுப்பின வாக்காளர், அச்சட்டத்துக்கு முன் நூற்றுக்கு ஏழு பேருக்கும் குறைவு. 1967-இல் நூற்றுக்கு ஏறத்தாழ அறுபது பேர். எழுபத்தைந்து ஆண்டுகள் 'தகுதியில்லை' என்று ஒதுக்கப்பட்டவர்கள் இரண்டே ஆண்டுகளில் தகுதி பெற்றுவிட்டார்களா? தகுதி எப்பொழுதும் இருந்தது, வழிதான் அடைபட்டிருந்தது.

சுவர் முழுவதும் மறைந்துவிட்டது என்று சொல்வதற்கில்லை. 1930-ஆம் ஆண்டுகளில் மத்திய அரசாங்கத்தின் வீட்டுக்கடன் அமைப்பு, கறுப்பின மக்கள் வாழ்ந்த பகுதிகளை வரைபடத்தில் சிவப்பு மையினால் குறித்தது. அரசாங்கப் பிணையுடன் வந்த கடன் வெள்ளையர் பகுதிகளுக்கே பெரும்பாலும் சென்றது. வீடு வாங்க முடியாத தந்தை மகனுக்கு என்ன சொத்து வைத்துப் போக முடியும்? 1968-இல் கிங் சுட்டுக் கொல்லப்பட்ட ஒரு வாரத்தில் வீட்டு வசதிச் சட்டம் வந்தது. ஆயினும் 2022-இல் அமெரிக்க மத்திய வங்கி எடுத்த கணிப்பின்படி, நடுத்தர வெள்ளைக் குடும்பம் ஒன்றின் சொத்து நடுத்தரக் கறுப்பினக் குடும்பத்தின் சொத்தைப் போல் ஆறு மடங்கு. 2013-இல் உச்ச நீதிமன்றம் வாக்குரிமைச் சட்டத்தின் முக்கியமான பகுதி ஒன்றைச் செயலற்றதாக்கியது. சட்டத்தால் வந்த உரிமை சட்டத்தாலேயே தேயவும் கூடும். காவல் இருப்பவர்கள் கண்ணயரலாகாது.

ரெயில் பெட்டியில் அமர்ந்த ஹோமர் பிளெசி 1897-இல் 25 டாலர் அபராதம் கட்டினார், 1925-இல் காலமானார். 2022, ஜனவரி 5-ஆம் நாள் லூசியானா ஆளுநர் அவருக்கு மன்னிப்பு வழங்கும் ஆணையில் கையெழுத்திட்டார். குற்றம் சட்டத்தினுடையது, மன்னிப்போ மனிதருக்கு. ஆயினும் அந்த ஆணையினால் ஒன்று தெளிவாயிற்று. ஒரு காலத்தில் 'இதுவே இயற்கை, இதுவே வழக்கம்' என்று நாட்டின் மிகப் பெரிய நீதிமன்றம் ஏற்றுக்கொண்டது, இன்று எவரும் வாய்விட்டுத் தாங்க முடியாத பொய்யாகி நிற்கிறது.

எந்த நாட்டிலாயினும், மனிதரை மனிதரிலிருந்து பிரிக்கும் முறையைக் கண்டு 'இது வழக்கம்' என்று ஒருவர் சொன்னால், இரண்டு கேள்விகளைக் கேட்கவேண்டும். இதைச் செய்தவர் யார்? எந்த ஆண்டில் செய்தார்? இந்த இரண்டுக்கும் விடை கிடைத்துவிட்டால், அதை மாற்றுவது எப்படி என்ற மூன்றாவது கேள்விக்கு விடை தேட மக்களுக்குத் துணிவு வந்துவிடும். மான்ட்கோமரி மக்களுக்கு வந்தது அந்தத் துணிவே.